ஆடுகளத்துக்கு இனமில்லையாம்!

"விளையாட்டுக்கு இனமில்லை, கலைக்கு நாடில்லை." இவ்விரண்டு தொடர்களும் அண்மை ஆண்டுகளில் தமிழர் செவிகளில் ஓதப்பட்ட அளவுக்கு வேறெந்த மந்திரமும் ஓதப்பட்டிருக்குமா என்பது ஐயமே. தொலைக்காட்சியில் அமர்ந்து சொல்லாடுவோர் ஓதுகின்றனர். திரைப்பட முதலாளிகள் ஓதுகின்றனர். நாலைந்து ஆங்கில நூல்களைப் புரட்டிவிட்டுத் தம்மை உலகக் குடிமகன் என்று எண்ணிக்கொள்ளும் தமிழனும் ஓதுகின்றான். ஓதுவோர் யாவர் எனக் கூர்ந்து நோக்கின் ஓருண்மை விளங்கும். எவன் இனத்தின் கொடி களத்தில் முன்பே பறந்துகொண்டிருக்கின்றதோ அவனுக்கு இம்மந்திரம் இனிக்கும். கொடியில்லாதவன் வாய் திறந்தால், அவன் வாயை அடைக்கும் மருந்தாகவும் இதுவே புகட்டப்படும்.

களத்துக்கு இனமில்லையெனில் ஆட்டத்துக்கு முன் நாட்டுப்பண் எதற்கு? மார்பில் நாட்டின் பெயர் எதற்கு? இந்தியாவும் பாக்கித்தானும் மட்டைப்பந்து ஆடும் நாளில் தெருக்கள் வெறிச்சோடுவதும் வென்றபின் வெடி வெடிப்பதும் எதற்கு? பந்தின்பால் கொண்ட காதலாலா?

தமிழரின் பழம்பெருங் கலை இப்பொய்யை என்றும் சொன்னதில்லை. கலித்தொகையின் முல்லைக்கலி ஏறுதழுவலைப் பாடுகிறது. காளையின் நிறத்தையும் கொம்பையும் மட்டுமா பாடுகிறது? தழுவுவோன் யார், எக்குலத்தான், அவனை எக்குலத்துப் பெண் ஏற்பாள், ஊர் அவனை எங்ஙனம் மதிக்கும் என்பனவெல்லாம் அங்கே உள. ஆட்டமும் குடியும் ஒன்றையொன்று விட்டு நில்லா என்பதை ஆயர் மகளும் அறிந்திருந்தாள். 2014ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் உச்ச வழக்குமன்றம் அவ்வாட்டத்தைத் தடுத்தபோதும், 2017 சனவரியில் மெரினாக் கடற்கரையில் மாணவர் திரண்டபோதும் ஒரு விலங்கைப் பற்றி மட்டுமே வழக்கு நடந்ததாக எவரும் எண்ணவில்லை. 2023 மே 18இல் அதே மன்றம் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தைச் செல்லுமென்று தீர்ப்பளித்தபோது, அதனைத் தமிழர் பண்பாட்டின் ஒரு கூறாகவே சட்டமன்றம் கருதியிருப்பதை ஏற்றுக்கொண்டது.

ஆயின் ஏறுதழுவலில் வழக்கு எளிது. எதிரி வெளியில் நின்றான். எளிதல்லாத வழக்கு ஒன்று 2020இல் வந்தது. அதைத்தான் விரித்துப் பேசவேண்டும்.

முத்தையா முரளிதரன் கண்டியில் 1972இல் பிறந்த மலையகத் தமிழர். தேர்வு ஆட்டங்களில் 800 இலக்குகளை வீழ்த்தியவர். அவ்வெண்ணை இன்றளவும் எவரும் எட்டவில்லை. 1995 திசம்பர் 26ஆம் நாள் மெல்பர்ன் திடலில் ஆத்திரேலிய நடுவர் தாரல் ஏர், இவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று கூறி ஏழுமுறை செல்லாப் பந்தென்று கை நீட்டினார். பல்லாயிரவர் முன்னிலையில் ஒருவனை ஏழுமுறை குற்றவாளியாக்குவது எளிய செயலா? பின்னர் 1996இல் ஆத்திரேலியாவிலும் ஆங்காங்கிலும் அவர் முழங்கை அளக்கப்பட்டது. பிறவியிலேயே முழுதும் நிமிராத கை அது; கண்ணுக்குத்தான் எறிவதுபோல் தோன்றுகிறது என்று அறிவியலார் சொல்லினர். அதன்பின்னும் 2004இல் அந்நாட்டுத் தலைமையமைச்சர் சான் ஓவர்டே அவரை எறிபவர் என்று வெளிப்படக் கூறினார். அவ்வாண்டு ஆத்திரேலியச் செலவையே முரளிதரன் தவிர்த்தார். ஒரு நாட்டின் தலைமையமைச்சருக்கு மற்றொரு நாட்டு வீரனின் முழங்கையில் என்ன வேலை? விளையாட்டுக்கு இனமில்லை என்று ஓதுவோர் முதலில் இதற்கு விடை சொல்லட்டும்.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். மெல்பர்னில் அக்கை நீட்டப்பட்ட அந்தத் திங்களில்தான் யாழ்ப்பாண நகரம் சிங்களப் படையின் கையில் வீழ்ந்தது. அக்டோபர் இறுதியில் ஊரையே காலிசெய்து பல நூறாயிரம் தமிழர் மழையில் நடந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் சென்றனர். திசம்பர் 5ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் இலங்கைக் கொடி ஏற்றப்பட்டது. மூன்று வாரங்கழித்து அதே கொடியின்கீழ் ஆடிய தமிழனை வெள்ளை நடுவர் குற்றஞ்சாட்ட, சிங்களத் தலைவர் அர்சுன இரணதுங்க அத்தமிழனுக்காகச் சினந்தெழுந்தார். 1999 சனவரியில் அடிலெய்டில் மீண்டும் அவ்வாறே நடந்தபோது தம் அணியையே எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றார். இதில் நடிப்பில்லை. அவ்வணித் தலைவரின் சினம் உண்மையான சினமே. உண்மையாக இருந்ததனால்தான் அது கொழும்புக்குப் பெரும்பயன் தந்தது. "பாருங்கள், எங்கள் அணியில் தமிழன் இருக்கிறான், அவனுக்காக நாங்கள் போராடுகிறோம், பின் ஏது இனச்சிக்கல்?" என்று உலகுக்குக் காட்டுவதற்கு அதனினும் நல்ல சான்று கிடைக்குமா?

இவ்வாழ்க்கையைத் திரைப்படமாக எடுக்கப்போவதாகவும் விசய் சேதுபதி நடிக்கப்போவதாகவும் 2020 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. பெயர் '800'. தமிழ்நாட்டிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் எதிர்ப்பு மூண்டது. போர் முடிந்த 2009ஆம் ஆண்டைத் தம் வாழ்வின் மகிழ்ச்சிக்குரிய காலமெனும் பொருள்பட முரளிதரன் 2019இல் பேசியதாக வந்த செய்தி எரிநெய்யாயிற்று. அச்சமின்றி வாழும் நிலை வந்ததையே குறித்ததாகவும், தமிழர் சாவைக் குறிக்கவில்லை எனவும் அவர் விளக்கினார். எரிந்த நெஞ்சுக்கு விளக்கம் எட்டவில்லை. அக்டோபர் 19ஆம் நாள் அவரே நடிகரை விலகிக்கொள்ளுமாறு வேண்ட, நடிகர் விலகினார்.

எதிர்ப்பு முறையானதா? முறையானதே. முள்ளிவாய்க்காலில் பிணங்களை எண்ணக்கூட இசைவில்லாத ஓர் இனம், அந்நாட்டுக் கொடியை அணிந்த வெற்றிக்கதையைத் தன் மொழியில், தன் ஊர்த் திரையரங்கில், தன் காசு கொடுத்துப் பார்க்கவேண்டும் என்றால் அது உடன்படாது. உடன்படவேண்டிய கடமையும் அதற்கில்லை. கலை என்ற பெயரால் எதையும் விழுங்கச் சொல்லும் உரிமை எந்த முதலாளிக்கும் கிடையாது.

ஆனால் அவ்வெதிர்ப்பில் நடந்த இழிவுகளையும் மறைக்க முடியாது. நடிகரின் சிறுமகளைக் குறித்து ஒருவன் இணையத்தில் எழுதிய மிரட்டல், தமிழ் என்ற சொல்லைச் சொல்லத் தகுதியற்றவன் எழுதிய மிரட்டல். பெண்ணை இழிவுபடுத்தி இனத்தை உயர்த்த எந்தத் தமிழ்நூலும் கற்றுத்தரவில்லை. அதைவிடப் பெரிய பிழை ஒன்றுண்டு. மலையகத் தமிழன் யார் என்பதே பலருக்குத் தெரியவில்லை! "ஈழத்தில் பிறந்து ஈழத்துக்கு இரண்டகம் செய்தவன்" என்று எழுதினர். கண்டியும் நுவரெலியாவும் பதுளையும் எங்கே, யாழ்ப்பாணம் எங்கே? தஞ்சையினின்றும் திருச்சியினின்றும் சேலத்தினின்றும் பஞ்சம் துரத்தக் கப்பலேறிக் காப்பிக்கும் தேயிலைக்கும் உரமானவர்களின் பெயரர்கள் அவர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை ஒரே வீச்சில் நாடற்றவர் ஆக்கியது. அச்சிக்கலில் தமிழ்த் தலைவர்களே ஒன்றுபட்டு நிற்கவில்லை. செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசினின்று பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சி தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணியம். 1964இல் சாத்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என்றனர். ஆட்டுக்கிடையைக்கூட அவ்வாறு பிரிப்பாரில்லை. அப்போது தமிழ்நாட்டில் எத்தனை பேர் தெருவுக்கு வந்தனர்?

அந்தக் குடியினின்று வந்த ஒருவர், கொழும்பு சொல்லும் சொல்லைச் சொல்வது ஏன் என்பதை அறிய வேண்டுமானால் அவர் பிறந்த மண்ணின் அச்சத்தை அறியவேண்டும். தம் சிறுபருவத்திலேயே தம் தந்தை வெட்டுண்டதை அவர் அவ்வறிக்கையில் சொன்னார். அதைச் சொன்ன வாயும், அரசைப் போற்றிய வாயும் ஒரே வாய். இவ்விரண்டையும் ஒரு நெஞ்சில் எங்ஙனம் வைத்து வாழ்கிறான் ஒருவன்? கலை எழவேண்டிய இடம் அதுவே! பாராட்டுவதற்கும் இரண்டகன் என்று முத்திரை குத்துவதற்கும் கலை எதற்கு? மேடை ஒன்று போதுமே.

முடிவு என்னாயிற்று? படம் நின்றதா? நிற்கவில்லை. 2023 அக்டோபர் 6ஆம் நாள் வெளிவந்தது. தமிழ் நடிகர் விலகிய இடத்தில் மதூர் மிட்டல் என்னும் இந்தி நடிகர் நடித்தார். தமிழ்ப் பந்துவீச்சாளனின் முகம் வடவன் முகமாக மாறியதொன்றே அப்போராட்டத்தின் கண்கூடான பயன்! அம்மூன்றாண்டுகளில் தமிழர் தரப்பினின்று முரளிதரனைப் பற்றி, மலையகத்தைப் பற்றி, அவ்வாட்டத்தைப் பற்றி ஒரு நாடகம், ஒரு புதினம், ஒரு குறும்படம் எதிர்விடையாக எழுந்து ஊர்தோறும் பேசப்பட்டதா?

வேறொருவர் எழுதினார். செகான் கருணாதிலக என்னும் சிங்களவர்; ஆங்கிலத்தில் எழுதுபவர். அவருடைய 'சைனாமேன்' என்னும் புதினம் 2010இல் வெளிவந்து 2012இல் பொதுநலவாய நூற்பரிசு பெற்றது. பிரதீப் மத்யூ என்னும் பந்துவீச்சாளன். தந்தை தமிழர், தாய் சிங்களவர். உலகின் தலைசிறந்தவன், ஆனால் ஆவணங்களில் அவன் பெயரில்லை. குடித்துக் குடித்து ஈரல் கெட்ட முதிய இதழாளர் ஒருவர் சாவதற்குள் அவனைத் தேடி எழுதிவிடத் துடிக்கிறார். ஒரு தமிழன் ஏட்டினின்று அழிக்கப்பட்டதை நானூறு பக்கத்துக்கும் மேல் தேடிக்கொண்டு போனவர் ஒரு சிங்கள எழுத்தாளர். (அப்புதினத்தின் பெயரே ஓர் இனப்பெயர். இடக்கையால் மணிக்கட்டைச் சுழற்றி வீசும் பந்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. சீன மரபினரான ஒரு மேற்கிந்தியத் தீவு வீரரிடம் ஆட்டமிழந்த வெள்ளையர் எரிச்சலில் சொன்னதினின்று தோன்றியது என்பர். 2018இல்தான் விசுடன் ஆண்டிதழ் அப்பெயரைக் கைவிட்டது. ஆடுகளத்துக்கு இனமில்லையாம்!)

இதெல்லாம் கடலுக்கப்பாற்பட்ட செய்தி, வில்லியனூருக்கும் பாகூருக்கும் இதில் என்ன என்று கேட்போர் உண்டு. இருக்கிறது.

ஒரு மாந்தனின் நாடு எது என்பதை வாக்களித்து முடிவு செய்த மண் இது. வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18ஆம் நாள் 178 பேராளர் கூடினர். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர், 8 பேர் மறுத்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1962 ஆகத்து 16இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபின், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு திங்களுக்குள் எழுதிக்கொடுக்கலாம் என்றனர். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவருள் அண்ணன் பிரெஞ்சுக்காரன், தம்பி இந்தியன் ஆன வீடுகள் உண்டாயின. அதற்கும் முன்னே 1881ஆம் ஆண்டு ஆணையின்படித் தம் மரபுச் சட்டத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சுப் பெயர் சூடியவர் பலர். பொன்னுத்தம்பி என்னும் வழக்கறிஞர் காலணியோடு வழக்குமன்றம் புகுந்தாரென்று 1873இல் தடுக்கப்பட்டார். பாரிசு வரை வழக்காடி வென்றார். பின்னர் லாப்போர்த்து என்னும் பெயரை ஏற்றார். தமிழன் காலில் கிடக்கும் தோல், அவன் எந்த இனம் என்பதைக் காட்டும் அடையாளமாக இருந்த ஊர் இது.

அப்புதுச்சேரியில் 2018 சூலையில் பிரான்சு உலகக் கால்பந்துக் கோப்பையை வென்றபோது நீலச்சட்டை அணிந்து ஆடிப்பாடியவருள் பெரும்பாலோர் தமிழர். அவர்களைப் பழிப்பதற்கு இதை எழுதவில்லை. அந்த நீலச்சட்டையின் வரலாற்றை அவர்களுக்கு யாரேனும் சொன்னார்களா என்பதே கேள்வி.

1998இல் முதன்முறை அக்கோப்பையைப் பிரான்சு வென்றபோது அணியில் இருந்தவர் யாவர்? சிதான், அல்சீரியப் பெற்றோரின் மகன். இலிலியன் துராம், குவாதலூப்புத் தீவினர். கிறித்தியான் கரம்பே, நியூக்கலிடோனியாவின் கனக்கு இனத்தவர். இதற்கு இரண்டாண்டுகட்கு முன், 1996இல், பிரெஞ்சு இனவெறிக் கட்சித் தலைவர் இலெ பென் இவ்வணியைப் போலி அணி என்றும், நாட்டுப்பண் பாடத் தெரியாதவர்கள் என்றும் இகழ்ந்தார். கரம்பே நாட்டுப்பண்ணைப் பாடுவதில்லை, உண்மைதான். ஏன் பாடவில்லை? 1931இல் பாரிசில் குடியேற்ற நாடுகளின் பெருங்கண்காட்சி நடந்தது. கனக்கு மக்களை அழைத்துவந்து வேலிக்குள் நிறுத்தி, 'மாந்தரைத் தின்னும் காட்டினத்தார்' என்று எழுதிவைத்துக் காட்டினர். அங்ஙனம் காட்டப்பட்டவருள் கரம்பேயின் முப்பாட்டனாரும் ஒருவர். அவர்களுள் ஒரு கூட்டத்தாரைச் செருமானிய விலங்குக் காட்சியாருக்கு முதலைகளுக்கு மாற்றாகக் கொடுத்த செய்தியை வைத்து, தீதியே தேனிங்சு என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் அதே 1998இல் ஒரு புதினம் எழுதினார். அந்த 1931ஆம் ஆண்டுக் கண்காட்சியில் பிரெஞ்சிந்தியாவுக்கும் ஒரு கூடம் இருந்தது. இதைப் புதுச்சேரிப் பள்ளிகளில் எந்த வகுப்பில் கற்பிக்கின்றனர்?

துராம் செய்தது இன்னும் பெரிது. ஆட்டத்தினின்று ஓய்ந்தபின், பாரிசின் கே பிரான்லி அருங்காட்சியகத்தில் 2011 நவம்பரில் தொடங்கிய ஒரு கண்காட்சிக்குத் தலைமைப் பொறுப்பேற்றார். மாந்தரைக் காட்சிப்பொருளாக்கி 'காட்டுமிராண்டி' என்னும் கற்பனையை ஐரோப்பா எவ்வாறு உண்டாக்கியது என்பதே அதன் பொருள். ஓவியம், சுவரொட்டி, ஒளிப்படம், அஞ்சலட்டை என நூற்றுக்கணக்கில் திரட்டி வைத்தனர். காலால் பந்தடித்தவர் தம் இனத்துக்கு நேர்ந்த இழிவைக் கலைக்கூடத்தில் வரிசைப்படுத்தி, இழிவு செய்தவன் பெயரனையே வந்து பார்க்கச் செய்தார். அவர் பிறந்த குவாதலூப்புக்கு 1854 முதல் கப்பல் கப்பலாக ஏற்றிச் செல்லப்பட்ட கூலிகளில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் ஏறிய தமிழர் எத்தனை ஆயிரவர்! அத்தீவில் இன்றும் மாரியம்மனுக்குக் கோவிலுண்டு. அவர்களுக்காக ஒரு கண்காட்சியை எந்தத் தமிழ் ஆட்டக்காரர் எடுத்தார்?

மற்றொருவரையும் சொல்லவேண்டும். விகாசு தொராசூ. மொரிசியசினின்று பிரான்சுக்குச் சென்ற குடும்பம், முன்னோர் ஆந்திரர். 2006 உலகக்கோப்பையில் பிரெஞ்சு அணியில் இடம்பெற்றார். இடம் கிடைத்ததே தவிர ஆட்டம் கிடைக்கவில்லை. முதலிரு ஆட்டங்களில் இறுதி மணித்துளிகளில் இறக்கப்பட்டார், அவ்வளவே. மீதி நாளெல்லாம் ஓரத்து இருக்கை. அவர் என்ன செய்தார்? நண்பர் பிரெட் புலே கொடுத்த சிறிய படக்கருவியால் தம் விடுதியறையை, சன்னலை, வெற்றுத் தாழ்வாரத்தை, தம் முகத்தைப் படம்பிடித்துக்கொண்டே இருந்தார். 'மாற்றாள்' எனும் பொருளில் அது திரைப்படமாக வெளிவந்தது. வெற்றியும் இல்லை, இலக்கும் இல்லை. காத்திருப்பவனின் முகம் மட்டும். அணியில் சேர்த்துக்கொள்ளப்பட்டவன் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை என்றால் எப்படியிருக்கும் என்பதை அதனினும் நேராகக் காட்டிய படம் அரிது.

அந்த ஓரத்து இருக்கையைத் தமிழ்த் திரையும் காட்டியது. மாரி செல்வராசு இயக்கி 2025 அக்டோபரில் வந்த 'பைசன் காளமாடன்'. மணத்தி கணேசன் என்னும் சடுகுடு வீரரின் வாழ்வைத் தழுவியது. அவர் தூத்துக்குடிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, 1994இல் இரோசிமா ஆசிய விளையாட்டில் இந்திய அணியில் ஆடி, அருச்சுனா விருது பெற்றவர். படத்தில் அவ்விளைஞன் இந்தியச் சட்டையணிந்து அயல்நாட்டுக் களத்தின் ஓரத்தில் அழைப்புக்காகக் காத்திருக்கிறான். வடவரின் மதிப்பில்லாமை ஒரு சுவர். அதற்கு முன் அவன் ஏறிக்கடந்த சுவர் எது? தன் ஊரின் சாதிச் சுவர். அதைக் கட்டியவன் வடவனா? வெள்ளையனா? சிங்களவனா? தமிழனே!

இங்கேதான் தமிழ்த் தேசியம் பேசுவோர் பலர் தலை குனிந்து நகர்ந்துவிடுகின்றனர். முரளிதரன் படத்துக்கு எழுந்த குரல், தன் ஊர்க் களத்தில் ஒரு தெருப் பிள்ளையை மறு தெருப் பிள்ளை தொட்டுப் பிடிக்கக்கூடாது என்னும்போது ஏன் எழவில்லை? சடுகுடு தொட்டு ஆடும் ஆட்டம். மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிரியின் உடம்பைத் தொடவேண்டும். எதிரி இவன் காலைக் கட்டவேண்டும். தீண்டாமை உள்ள ஊரில் அவ்வாட்டம் ஆடவே முடியாது. ஆகவேதான் ஊரணி வேறு, சேரியணி வேறு என்று பிரித்துக்கொண்டனர். அணிக்கு அணி மோதினாலோ ஆட்டம் முடிந்தபின் அரிவாள் பேசும். அப்படம் இதைச் சொன்னதற்காகச் "சாதியைத் தூண்டுகிறார்" என்று சிலர் குறைகூறினர். புண்ணைக் காட்டியவன்தான் புண்ணை உண்டாக்கினானா?

இந்தியில் 2001இல் வந்த 'இலகான்' என்னும் படத்தை எல்லாரும் போற்றுவர். வெள்ளையனை மட்டைப்பந்தில் வெல்லும் ஊர் மக்களின் கதை. அதில் தீண்டப்படாதவனாக வரும் ஒருவன் உண்டு. அவன் பெயரின் பொருள் குப்பை. ஊனமுற்ற அவன் கையினின்று பந்து சுழல்வதைக் கண்ட தலைவன் பெருமனத்தோடு அவனைச் சேர்த்துக்கொள்கிறான். அவனுக்கென ஒரு சொல் இல்லை, ஒரு வீடு இல்லை. ஒருமைப்பாடு எனப்படுவது அங்கே மேலிருப்பவன் இடும் பிச்சை. பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா' (2021) அவ்வாறன்று. ஆங்கிலேயன் துறைமுகத்தில் விட்டுச்சென்ற குத்துச்சண்டையை வடசென்னை உழைப்பாளர் தமதாக்கிக்கொண்டதையும், 1976 சனவரி 31இல் தமிழ்நாட்டு ஆட்சி கலைக்கப்பட்ட நாளில் குத்துக்களத்துக்குள்ளேயே தில்லியின் கை நுழைவதையும் அது காட்டியது. யாரும் யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. கையுறை அணிந்தவன் தன் இடத்தைத் தானே எடுத்துக்கொண்டான்.

இவ்விரு இயக்குநர்மேலும் ஒரு குறை சொல்லாமல் விடுவதற்கில்லை. பெயர்! ஒன்று 'பைசன்', மற்றொன்று 'பரம்பரை'. காட்டெருதுக்குத் தமிழில் பெயரில்லையா? ஆமா என்றும் கடமா என்றும் சான்றோர் பாடிய விலங்கு அது. பழநூல் தமிழனுக்கு விளங்காது என்றால் காட்டெருமை விளங்காதா? காளமாடன் என்னும் அழகிய தெய்வப்பெயர் கையில் இருக்க, அதன் தலைமேல் ஆங்கில மாட்டை எதற்கு ஏற்றினர்? 2006இல் தமிழ்ப்பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு என்று தமிழ்நாட்டரசு அறிவித்தபோது ஒரே இரவில் எல்லாருக்கும் தமிழ் வந்தது. காசுக்கு வந்த தமிழ் காசோடு போயிற்று. சடுகுடுவும் அவ்வாறே கபடி ஆயிற்று. கபடி என்பது கைபிடியின் திரிபென்று கூறித் தேற்றிக்கொள்வாரும் உளர். இருக்கட்டும், 1990இல் பீகிங்கு ஆசிய விளையாட்டில் அது நுழைந்தபோது உலகேடுகளில் ஏறிய பெயர் சடுகுடுவன்று என்பது மட்டும் உறுதி.

புதுச்சேரியின் பெயர் மட்டும் நன்றாக வாழ்கிறதா? 2018இல் இரஞ்சிக்கோப்பை ஆட்டத்தில் புதுச்சேரி அணி முதன்முதலாக இறங்கிற்று. அதில் பங்கசு சிங்கும் அபிசேக்கு நாயரும் ஆடினர்; மறு ஆண்டு கருநாடகத்து வினய்குமார் வந்தார். திறமையானவர்களே, அவர்கள்மேல் குற்றமில்லை. திடல் வில்லியனூர்ப் பக்கத்துத் துத்திப்பட்டில். வேலிக்கு அப்பால் நெல்வயலும் சவுக்குத்தோப்பும். அவ்வயல்களில் மட்டை பிடித்து வளரும் பிள்ளைகள், தம் ஊர்ப்பெயர் எழுதிய சட்டையை வேற்றார் அணிந்து ஆடுவதை வேலியோரம் நின்று பார்த்தனர். ஓரத்து இருக்கைகூட அவர்களுக்கு வாய்க்கவில்லை!

இதை வரைய ஓவியன் இல்லையா? வில்லியனூர்ச் சுடுமண்ணுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அம்மண்கலையில் தேர்ந்த முனுசாமிக்கு 2020இல் நடுவணரசின் தாமரைத்திரு விருது கிடைத்தது. ஐயனார் குதிரையும் யானையும் செய்யும் அம்மண்ணுக்கு, மூச்சடக்கிப் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டும் ஓர் இளைஞனின் தோளைச் செய்யத் தெரியாதா? தெரியும். கேட்பாரில்லை. ஆரோவில்லுக்கும் வெள்ளையர் தெருவுக்கும் வரும் சுற்றுலாக்காரன் குதிரையைக் கேட்கிறான், குதிரை சுடப்படுகிறது. கொம்யூன் பணிமனைகள் நவம்பர் முதல் நாளும் ஆகத்து 16ஆம் நாளும் விழாவெடுக்கின்றன. கொடி ஏறுகிறது, இனிப்பு வழங்கப்படுகிறது. அவ்விழாவுக்கு ஒருமுறையேனும் கீழூரின் 178 கைகளையோ, குவாதலூப்புக்குக் கப்பலேறியவனையோ, சடுகுடுக் களத்தையோ மண்ணில் செய்து தரச்சொல்லி ஒரு குயவருக்கு முன்பணம் கொடுத்தால் கருவூலம் வற்றிப்போகாது.

எதிர்ப்பதற்குத் தெருவுக்கு வந்த இளைஞர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். வரும் பொங்கலுக்கு வில்லியனூரிலும் பாகூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் சடுகுடுப் போட்டி நடக்கும். சுவரொட்டியில் எல்லாத் தமிழ்த் தலைவர்களின் படங்களும் இருக்கும். பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். எந்தெந்தத் தெருப் பிள்ளைகளின் பெயர் அதில் இருக்கிறது, எந்தத் தெருவின் பெயர் இல்லை, ஏன் இல்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். பின்னர் அத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்பைப் பற்றிப் பேசலாம்.